கடை ரோட்டுக்குப் போகிறது

எங்கள் பக்கத்துப் பேச்சிலே ஒரு வழக்கு உண்டு. சாலையை அகலப்படுத்துவதற்காக ஒருவருடைய கடை இடிபடப் போகிறதென்று தெரிந்தால், "அண்ணாச்சி கடை ரோட்டுக்குப் போகுதாம்ல" என்பார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து வண்டி ஏற்றுவதுபோல, கடையே எங்கோ கிளம்பிப் போவதாக அந்தப் பேச்சு பாவிக்கிறது. உண்மையில் கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாலைதான் எழுந்து வாசற்படிவரை வந்து நிற்கிறது. வந்தது யார், போவது யார் என்கிற இந்தச் சின்னக் குழப்பத்துக்குள்ளே, தனி மனிதனுடைய ஆஸ்தியைப் பொதுக் காரியத்துக்காக எடுத்துக்கொள்ளச் சர்க்காருக்குள்ள அதிகாரம் என்னும் பெரிய விஷயம் அடங்கிக் கிடக்கிறது.

எங்கள் மகாராஜபுரத்தில் பஸ் ஏறி, வத்திராயிருப்பைத் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் இறங்குகிறவனுக்கு எதிரே கிடப்பது திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை. பழைய கணக்கில் 208 என்றும் புதிய கணக்கில் 744 என்றும் எண் பெற்ற அந்தச் சாலை, இடப்புறம் திரும்பினால் மதுரைக்கும், வலப்புறம் திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று மேற்கு மலையின் அடிவாரத்தை ஒட்டியபடியே போய், செங்கோட்டைக்கு அப்பால் மலையேறி, மலையாள நாட்டுக்குள்ளும் நம்மைக் கொண்டுபோய் விடும். அதன் இரு கரையிலும் ஊருக்கு ஊர் பால்கோவாக் கடை, டீக்கடை, பஞ்சர் ஒட்டும் கடை, மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடை, உரக் கடை, விதைக் கடை என்று வரிசையாக நிற்பவை, சாலை போட்ட என்ஜினீயர் வரைந்த படத்தில் இல்லாமல், சாலையிலே போன மனிதர்களின் பசியும் தாகமும் அவசரமும் கண்டு தாமாக முளைத்தவை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை ஊருக்கு உரியது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிரயாணி, மறுபடி பஸ் புறப்படுவதற்குள் ஓடிவந்து அரைக் கிலோ வாங்கிக்கொண்டு ஓடுகிறானே, அந்த வியாபாரம் கடை நிற்கும் இடத்துக்கு உரியது.

சாலை அகலமாக வேண்டியதில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை வண்டிகள், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிற கூட்டம், ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பார்க்க வருகிற ஜனம், இவற்றுக்கிடையே நாள் தவறாமல் ஓடுகிற சிமெண்டு லாரிகளும் பஞ்சு லாரிகளும் என்று அந்தச் சாலை விழி பிதுங்கி நிற்பதைப் பார்த்தவர்கள், பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நிற்கும் காட்சியையும் பார்த்திருப்பார்கள். ஆகவே சாலை வேண்டுமா வேண்டாமா என்பது வழக்கே இல்லை. அதன் விலையை யார் கொடுப்பது, எப்படிக் கேட்டுக் கொடுப்பது என்பதே வழக்கு.

நெரிசலுக்குப் பரிகாரம் இரண்டுதான் உண்டு: ஊருக்குள் இருக்கும் சாலையை விஸ்தரிப்பது, அல்லது ஊரைச் சுற்றிப் புறவழி போடுவது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம்வரை சுமார் 71 கிலோமீட்டருக்கு எடுத்துக்கொண்ட நான்குவழித் திட்டம் பெரும்பாலும் இரண்டாவது வழியைச் சேர்ந்தது; அதனாலே அடிபட்டவை கடைகளைக் காட்டிலும் வயல்களும் தோப்புகளுமே. ராஜபாளையத்துக்குத் தெற்கே செங்கோட்டை வரையுள்ள பகுதியிலோ, நன்செய்யை விட்டு வேறு வழியாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் நெடுநாள் போராடினார்கள். வியாபாரியின் நிலைமையோ இன்னும் விசித்திரமானது. விஸ்தரித்தால் கடை போய்விடும்; புறவழி போட்டால் கூட்டம் போய்விடும். முன்னதற்கு நஷ்டஈடு என்று ஏதாவது உண்டு. பின்னதற்குச் சட்டத்திலே ஒரு காசும் கிடையாது. பஸ் நிற்காத ஊரில் பால்கோவாக் கடை என்னவாகும் என்பதை ஒரு சர்வேயரும் அளந்து எழுதிவைப்பதில்லை.

இந்த அதிகாரத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. ஹாலந்து தேசத்து நியாய சாஸ்திரி ஹியூகோ குரோஷியஸ் 1625-இல் எழுதிய நூலிலே, பிரஜையின் சொத்தின்மேல் ராஜ்யத்துக்கு மேலான பாத்தியதை ஒன்று உண்டென்றும், அதைப் பொது நன்மைக்காக மட்டும் செலுத்தலாமென்றும், செலுத்தினால் நஷ்டத்தை ஈடு செய்யும் கடமை ராஜ்யத்தைச் சேரும் என்றும் வகுத்துச் சொன்னார். நம் நாட்டில் 1824-இல் வங்காளத்திலும், 1852-இல் சென்னை ராஜதானியிலும் வெள்ளைக்காரச் சர்க்கார் இதற்கென்று சட்டம் செய்தது. கடைசியாக 1894-இல் செய்த நில எடுப்புச் சட்டம், சுதந்திரம் வந்து அறுபத்தாறு வருஷம் கழிந்த பின்னும், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அதை அகற்றும்வரையில் நம்மை ஆண்டுகொண்டிருந்தது. இதற்கிடையே 1978-இல் செய்த நாற்பத்து நாலாவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, சட்டத்தின் அதிகாரமில்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்ற ஒரே வாக்கியமாக, 300-ஏ என்ற பிரிவிலே கொண்டுபோய் வைத்தது.

பொதுக் காரியத்துக்குக் கொடுப்பது எங்கள் ஜில்லாக்காரர்களுக்குப் புதிதன்று. விருதுநகர் வியாபாரிகள் விற்கிற சரக்கின் மேல் தாங்களே மகமை என்று ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டு, அந்தப் பணத்திலே பேட்டையும் பள்ளிக்கூடமும் நடத்தியவர்கள். காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை 1889-இல் அப்படி எழுந்ததுதான். ராஜபாளையத்திலோ, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்து முதன்மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். கொடுக்கிற கை உள்ள ஜில்லா இது. அப்படியிருந்தும் சுவரிலே சிவப்புச் சாயத்தால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் பேசாமல் போகிறவனைக் கண்டால் ஆத்திரம் வருகிறதென்றால், அதன் காரணத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மகமை கொடுத்தவனைச் சபையிலே உட்காரவைத்துப் பேசினார்கள். சிவப்புக்குறி விழுந்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லாமலில்லை. எந்தச் சட்டத்தின்படி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கேட்கும் விதம் மாறும். தேசிய நெடுஞ்சாலையானால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம். மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலையானால் தமிழ்நாட்டின் 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். இரண்டிலும் சேராத தெருவானால் 2013-ஆம் ஆண்டுப் பொதுச் சட்டம். இவற்றுள் மாநிலச் சட்டம் கண்ட கண்டங்கள் பல. 2013 சட்டத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து அதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலக்கு செல்லாதென்று 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது; அதே வருஷம் சட்டசபை அதை மறுபடி உயிர்ப்பித்தது; 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அதற்குச் சம்மதம் கொடுத்தது. இந்த வக்கீல் விளையாட்டெல்லாம் கடைக்காரனுக்கு எதற்கு என்று கேட்கலாம். சமூகத்துக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டி ஆராயும் கட்டாயம் பொதுச் சட்டத்தில் உண்டு, நெடுஞ்சாலைச் சட்டங்களில் இல்லை. நஷ்டஈட்டுக் கணக்கு மட்டும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தக் கணக்கை ஒரு கடையை வைத்தே பார்த்துவிடலாம். பத்தடி முகப்பும் இருபதடி ஆழமும் உள்ள ஒரு பால்கோவாக் கடை. முன்புறத்திலே ஒன்பது அடி ரோட்டுக்குப் போகிறது. போகிற இடம் தொண்ணூறு சதுர அடி. ஒரு பேச்சுக்குச் சதுர அடி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நகரத்திலே நிலத்தின் மதிப்பு 2,70,000. அதற்குச் சமமாக ஆறுதல் தொகை என்று இன்னொரு 2,70,000. இடிபடுகிற கட்டடத்தின் மதிப்பு தனியே உண்டு. முன்பு இந்த ஆறுதல் தொகை முப்பது சதவீதம்தான் இருந்தது. அதைக்கூட நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு இல்லையென்று 1997-இல் ஒரு திருத்தம் செய்து வைத்திருந்தார்கள். அது சமத்துவத்துக்கு விரோதமென்று 2019 செப்டம்பரில்தான் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகக் காகிதத்திலே பார்த்தால் இன்றைய கணக்கு மோசமில்லை.

கடையிலே போய் நின்று பார்த்தால்தான் விஷயம் வேறாகத் தெரிகிறது. போகிற ஒன்பது அடியிலே கல்லாப்பெட்டி இருக்கிறது, கண்ணாடிப் பீரோ இருக்கிறது, மின்சார மீட்டர் இருக்கிறது, மாடிக்குப் போகும் படிக்கட்டும் இருக்கிறது. மீதி இருக்கிற பதினோரு அடியிலே, பின்னால் விறகடுப்பும் அதன்மேல் பெரிய இரும்பு வாணலியும் இருக்கின்றன. கடையைப் பாதியாக வெட்டலாம். வாணலியைப் பாதியாக வெட்ட முடியாது. பால் சுண்டும்வரை ஓயாமல் துடுப்புப் போட்டுக் கிளறுகிற ஆள், முழங்கை ஆடுவதற்கு இடம் வேண்டுமல்லவா? அடுப்பையும் விற்பனையையும் அந்தப் பதினோரு அடிக்குள்ளே அடக்க முடியாமல் கடை செத்துப்போகும். இந்தச் சங்கடத்தை அந்தக் காலத்துச் சட்டம் எழுதியவர்களே அறிந்திருந்தார்கள் என்பது வியப்பு. வீட்டையோ தொழிற்கூடத்தையோ ஒரு பகுதி மட்டும் எடுக்கக் கூடாது, சொந்தக்காரர் விரும்பினால் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1894 சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. 2013 சட்டத்திலும் 94-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்கலாம் என்று தெரிந்த கடைக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இனி, மேலே சொன்ன அத்தனை பணமும் யாருக்கு? கட்டடச் சொந்தக்காரருக்கு. நம் கடைவீதிகளிலே வியாபாரம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், வீதியில் கோஷம் போடுகிறவர் ஒருவர், நஷ்டஈட்டுக் காசோலை வாங்குகிறவர் வேறொருவர் என்கிற உண்மை விளங்கும். தகப்பனார் காலத்திலிருந்து முப்பது வருஷமாக ஒரே மூலையில் கடை வைத்திருக்கிறவருக்கு, அந்த மூலையே மூலதனம். "பாலத்துக்குப் பக்கத்துக் கடை" என்று ஜனங்கள் வாயிலே ஊறிப்போன அந்த அடையாளத்தைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய முடியாது. கடை போனால் முதலில் அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதே பெரும்பாடு. மிச்ச இடத்தைக் கட்டி நிமிர்த்திய சொந்தக்காரர், அகலச் சாலையின் மதிப்புக்கு ஏற்ப இரட்டை வாடகை கேட்பார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

வாடகைக்காரரைச் சட்டம் அடியோடு மறந்துவிட்டதென்று சொல்வதும் நியாயமன்று. எடுக்கப்படும் பகுதியிலே மூன்று வருஷமாக ஜீவனம் செய்து, அந்த ஜீவனோபாயம் இழப்பவர், சொந்த நிலம் இல்லாதவரானாலும், பாதிக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவரே என்று 2013 சட்டம் வரையறுக்கிறது. வியாபார ஸ்தலத்தை மாற்ற நேர்ந்தால் அதற்குரிய நியாயமான செலவையும், வருமானத்துக்கு ஏற்பட்ட கேட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்திலேயே வாசகம் இருக்கிறது. சிறு வியாபாரிக்கு ஒருமுறை உதவியாக, குறைந்தது 25,000 ரூபாய் என்று இரண்டாவது அட்டவணை பேசுகிறது. முப்பது வருஷத்து மூலைக்கு இருபத்தையாயிரம்! ஒரு ஷட்டர் கதவு போட்டு, பெயர்ப்பலகை எழுதுவதற்குள் அது கரைந்துபோகும். அதையும் கேட்டு வாங்குவதற்கு, தான் அங்கே மூன்று வருஷம் இருந்ததற்கு ருசு வேண்டும். வாடகைக்கு ரசீது கொடுக்கும் வழக்கம் நம் வீதிகளில் எத்தனை பேரிடம் உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலன் என்ன என்பதற்கு அயோத்தி சாட்சி சொல்லும். கோவிலுக்குப் போகிற வழியை அகலமாக்குவதற்காக, சஹாதத்கஞ்சிலிருந்து நயாகாட் வரை ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ராம பாதை என்ற ஒன்றைப் போட்டார்கள். வழியிலே கடைகள் ஆயிரக்கணக்கில் முழுசாகவோ முகப்பளவிலோ இடிபட்டன. அவற்றிலே பல கடைகள் மடங்களுக்கும் கோவில்களுக்கும் சொந்தமானவை. பூமாலையும் வளையலும் லட்டும் விற்றுவந்த வியாபாரிகளோ தலைமுறை தலைமுறையாக வாடகைக்காரர்கள். ஈடு போதாதென்றும், மாற்றுக் கடையை விலை கொடுத்து வாங்கச் சொல்கிறார்களென்றும் அவர்கள் முறையிட்டார்கள். ராமர் கோவில் கும்பாபிஷேகம் 2024 ஜனவரி 22-இல் நடந்தது. ஐந்து மாதத்துக்குள் வந்த பாராளுமன்றத் தேர்தல் முடிவிலே, அயோத்தியை உள்ளடக்கிய பைசாபாத் தொகுதியில் ஆளும் கட்சி தோற்றது. தேர்தலுக்குக் காரணம் ஒன்றிரண்டாக இருக்காது. அந்தக் கடைவீதியின் மனக்குறையும் அவற்றில் ஒன்றாக அப்போது பேசப்பட்டது.

நஷ்டஈடு குறைவு என்பது ஒரு வழக்கு; நஷ்டஈடே இல்லை என்பது அதைவிடப் பெரிய வழக்கு. "இது நில எடுப்பே இல்லை, நீங்கள்தான் சாலைப் புறம்போக்கை ஆக்கிரமித்திருக்கிறீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சர்க்கார் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. நேர்மையாகச் சொன்னால், கடைக்கு முன்னே தகரக் கொட்டகை போட்டு, பிறகு அதைச் சுவராக்கி, பிறகு அதன்மேல் மாடியும் எழுப்பிய புண்ணியவான்கள் எல்லாக் கடைவீதியிலும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் பட்டா எங்கே முடிகிறது, புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்பதை எல்லைக்கல்தான் சொல்ல வேண்டுமே தவிர, ஜே.சி.பி. ஓட்டுகிறவர் சொல்லலாகாது.

வட இந்தியாவில் மகாராஜ்கஞ்ச் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயர் அளவிலே நமது மகாராஜபுரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். 2019 செப்டம்பரில் அங்கே நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது, ஒருவருடைய பூர்வீக வீட்டை, எழுத்து மூலமான நோட்டீஸ் எதுவுமில்லாமல், ஒலிபெருக்கியிலே அறிவித்துவிட்டு இடித்தார்கள். 3.70 மீட்டர் ஆக்கிரமிப்பு என்பது அதிகாரிகள் சொன்ன கணக்கு. இடித்ததோ அதைவிட வெகு தூரம் உள்ளே. உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 6-இல் 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டதோடு நில்லாமல், சாலை விஸ்தரிப்புக்கென்றே ஒரு முறையை எல்லா மாநிலங்களுக்கும் வகுத்துக் கொடுத்தது. முதலில் ஆவணங்களைப் பார்த்துச் சாலையின் இப்போதைய அகலம் என்னவென்று நிச்சயிக்க வேண்டும். பிறகு நேரில் அளக்க வேண்டும். ஆக்கிரமிப்பு இருந்தால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆட்சேபணை வந்தால் காரணம் காட்டித் தீர்மானிக்க வேண்டும். அப்புறமும் காலி செய்ய நியாயமான அவகாசம் தரவேண்டும். இருக்கிற அகலம் போதாதென்று கண்டால், சட்டப்படி நிலத்தை எடுத்த பிறகே கை வைக்க வேண்டும். அதே வருஷம் மே மாதத்தில் கல்கத்தா மாநகராட்சி வழக்கிலே, நோட்டீஸ் பெறுவதும், சொல்வதைச் சொல்ல இடம் கிடைப்பதும், காரணம் எழுதிய முடிவைப் பெறுவதும் 300-ஏ பிரிவுக்கு உள்ளேயே அடங்கிய உரிமைகள் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த இரண்டு தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கத்தை ஒவ்வொரு வியாபாரிகள் சங்க அலுவலகத்திலும், தலைவர் படத்துக்குக் கீழே சட்டம் போட்டு மாட்டிவைக்கலாம்.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலோ, எது பொதுக் காரியம் என்பதிலேயே தகராறு. நியூலண்டன் என்ற ஊரிலே வீடுகளை எடுத்துத் தனியார் கம்பெனிகளின் அபிவிருத்திக்குக் கொடுத்தது பொதுக் காரியம்தான் என்று 2005-இல் அந்த நாட்டு உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. திட்டத்துக்கு ஆதாரமாக இருந்த மருந்துக் கம்பெனி 2009-இல் ஊரைவிட்டே போவதாக அறிவித்தது. வீடுகள் இருந்த இடம் வருஷக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது.

நம் கடைவீதிகளில் ஆட்சேபணை என்றால் ஒருநாள் கடையடைப்பு, ஒரு ஆர்ப்பாட்டம், கலெக்டரிடம் ஒரு மகஜர் என்ற அளவிலே முடிந்துவிடுகிறது. அவை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் புலப்படத்தின் நகலும் அ-பதிவேட்டு நகலும் வாங்கி, சங்கத்தின் செலவில் ஓர் அளவையாளரை வைத்து வீதி முழுவதையும் தாங்களே அளந்து வைத்திருக்கிற வியாபாரிகள் பேச்சுக்கு உள்ள பலம், நூறு கோஷத்துக்கு இல்லை. சொந்தக்காரரும் வாடகைக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடாமல், தனித்தனி மனுவாக, ஆனால் ஒரே காகிதக் கட்டிலே, தத்தம் நஷ்டத்தைப் பிரித்துக் காட்டி எழுதுவது நல்லது. வாடகை ரசீது, ஜி.எஸ்.டி. சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், மின் கட்டண அட்டை என்று பெயரும் முகவரியும் தேதியும் தெரிகிற எந்தத் துண்டுக் காகிதமும் மூன்று வருஷத்துக்கு ருசுவாகும்.

கடைசியாக ஒன்று. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கப் போவதாக அரசிதழில் அறிவிக்கை வந்த நாளிலிருந்து ஆட்சேபணை சொல்லச் சட்டம் கொடுக்கிற அவகாசம் 21 நாள். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் போட வேண்டும். அவற்றில் ஒன்று தமிழில் இருக்கும். உள்பக்கத்திலே பொடி எழுத்தில் சர்வே நம்பர்களாக நிறைந்திருக்கும் அந்த விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை. மறுநாள் அந்தத் தாள் டீக்கடையில் வடை மடிக்கப் போய்விடுகிறது. ரோட்டோரத்தில் கடை வைத்திருக்கும் அன்பர்கள் தயவுசெய்து வடையை மடிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.